பிளேன் வெளியை இரண்டு தரம் மூடினோம்

ஊர்ச் சிறப்பு மலருக்கு ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைச் சேர்க்க வந்தவர்கள் முதலில் என் வீட்டுக்கு வரவில்லை. ஓய்வு பெற்ற தபாலதிபர் வீட்டுக்குப் போனார்கள். ஓய்வு பெற்ற விதானையார் வீட்டுக்குப் போனார்கள். முப்பது வருடம் ஒரே கதிரையில் இருந்து நித்திரை கொண்ட ஒருவர் வீட்டுக்கும் போனார்கள். என் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

"ஆச்சி, நீங்களும் ஏதும் வேலை பாத்தனீங்களோ?" என்று மரியாதைக்குக் கேட்டார்கள்.

"விமானத்துறை" என்றேன். குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது.

சொல்வது நான், எழுதுவது பேத்தி. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்பிலேயே ஓய்வு பெற வைத்துவிட்டது. என் பேச்சைப் புத்தகத் தமிழில்தான் எழுதுவாளாம். எழுதட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லிவிட்டேன். செத்தவர்களின் வாயைத் திருத்துவது பாவம்.

அச்சுவேலிக்குக் கிழக்கே தோட்டங்கள் முடிந்து தரவை என்கிற வெறும் மேய்ச்சல் வெளி தொடங்குகிற இடத்தில் பிளேன் வெளி இருந்தது. பலாலி விமான நிலையம் போலப் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, எண்ணெய்ப் பீப்பா வைக்க ஒரு குடில், செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் போட்டு இறுக்கிய ஒரு பாதை, மஞ்சள் நிறத்தில் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு பிளேன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சில கனவான்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பறப்பார்கள். எங்கேயும் போவதற்கல்ல. ஏறுவார்கள், சுற்றுவார்கள், ஏறிய இடத்திலேயே இறங்குவார்கள். இதற்கு ஏன் ஏறவேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் கேள்வி இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி இல்லை. நானும் தினமும் கோவிலைச் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்குத்தானே வருகிறேன்.

என்னை வேலைக்குச் சேர்த்தது என் ஆடு. அது ஓடுபாதையின் நடுவில் நின்று மேய, பிளேன் இறங்க முடியாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. வெளியின் பொறுப்பாளர் கப்டன் ஐயாவும் இரண்டு கனவான்களும் தொப்பியையும் குடையையும் ஆட்டி ஆட்டைத் துரத்தினார்கள். கனவான்களுக்குப் பயப்படும்படி நான் அதை வளர்க்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தேன். வந்துவிட்டது. மறுநாள் கப்டன் ஐயா வீடு தேடி வந்தார். சண்டைக்குத்தான் என்று நான் வாயைத் தயார்ப்படுத்திக்கொண்டு படலைக்குப் போனேன்.

"உமக்கு மற்ற ஆக்களின்ரை ஆட்டையும் கூப்பிட ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஆட்டைக் கூப்பிடலாம் ஐயா. ஆக்களைத்தான் கூப்பிட ஏலாது."

"நாளையிலை இருந்து வாரும்."

கப்டன் ஐயா ஒரு காலத்தில் வெளிநாட்டில் பெரிய பிளேன் ஓட்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே உற்றுப் பார்ப்பார். அடுத்து என்ன சொல்வது என்று அங்கே எழுதி வைத்திருப்பதைப் போலப் பார்ப்பார். பார்த்து முடித்துத் தொப்பியைத் தலையில் வைத்தாரானால் முடிவு எடுத்தாயிற்று, இனி பிள்ளையாரே வந்தாலும் மாற்ற முடியாது. அவர் பின்னால் ஒரு மாதம் நடந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

காலையில் முதல் வேலை, கடகமும் விளக்குமாறுமாக ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பது. கல், கம்பித் துண்டு, மாட்டுச் சாணி எல்லாம் கடகத்துக்குள். சாணி என் வீட்டுக்கு, கல் வேலிக்கு, கம்பி கப்டன் ஐயாவின் மேசைக்கு. கம்பியை எந்த இடத்தில் எடுத்தேன் என்று நடந்து போய்க் காட்டவேண்டும். உடும்புப் பொந்து கண்டால் மண் போட்டு மிதிக்கவேண்டும், உடும்பு உள்ளே இல்லை என்று பார்த்த பிறகு. கோவில் வீதி கூட்டும்போது நடுவில் நிமிர்ந்து கும்பிடலாம். இங்கே நிமிர்ந்தால் ஒரு கல் தப்பிவிடும்.

பாதையின் இரண்டு கரையிலும் கல் வரிசை இருந்தது. அதற்கு நான் சுண்ணாம்பு அடிப்பேன். கம்பத்தில் காற்றுப் பை இருந்தது. அதையும் நான்தான் தைப்பேன். ஒற்றைக்கால் காற்சட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் பிரம்பு வளையம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அது நீட்டிக் காட்டும். பிளேன் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கவேண்டும், இல்லையென்றால் பாதை முடிந்த பிறகும் ஓடும். தென்மேற்குக் காற்றென்றால் காற்றுப் பையைப் பார்த்து நான் "சோளகம் ஐயா" என்பேன். "எவ்வளவு சோளகம்?" என்பார். காற்றில் "எவ்வளவு" என்று ஒன்று இருப்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதற்கு முன் காற்று இருக்கும், அல்லது இருக்காது.

இனிக் குறுக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

மழைக்காலத்தில் பாதை சேறானால் இரண்டு முனையிலும் வெள்ளைத் துணியால் பெரிய குறுக்கு விரிப்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிழைக்குப் போடுவாரே, அதே அடையாளம். எனக்கு எழுத்தில் மிகவும் பழக்கமானது அதுதான், என் கொப்பி முழுவதும் அதுதான் இருந்தது. மேலேயிருந்து குறுக்கைக் கண்டால் இறங்கக் கூடாது என்று அர்த்தம். துணிக் குறுக்கு என்றால் இன்றைக்கு இல்லை, சுண்ணாம்புக் குறுக்கு என்றால் இனி இல்லை. அந்த இரண்டாவதை நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை.

பருத்தித்துறையில் ஒரு பல்லு டொக்ரர் இருந்தார். கிழமை நாட்களில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை பறக்கப் பழகுவார். ஒருநாள் கப்டன் ஐயா அவரைக் கொட்டகை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார்.

"கீழை குறுக்குக் கிடக்கு. உம்மடை அம்மா பக்கத்திலை நிண்டு வா வா எண்டு கை காட்டுறா. என்ன செய்வீர்?"

"அம்மா கூப்பிட்டா இறங்கத்தானே வேணும் ஐயா?"

தொப்பி கழன்றது. நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"அம்மா கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. நான் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா. விளங்கிச்சுது."

எனக்கு வேறொரு யோசனை ஓடும். எழுத வாசிக்கத் தெரியாத நான் மேலே போகிறவர்கள் வாசிப்பதற்கு ஊரிலேயே பெரிய எழுத்தை எழுதுகிறேன். அது அங்கேயிருந்து பார்க்க எப்படி இருக்கும்? என் கல் வரிசை நேராகத் தெரியுமா, கோணலாகத் தெரியுமா? இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன். ஒருவர் வைக்கற்போர் எல்லாம் வடை மாதிரி இருக்கிறது என்றார், அவர் பசியோடு ஏறியவர். பல்லு டொக்ரர் என் தலை ஒரு மிளகு மாதிரித் தெரிந்தது என்றார். "வரிசை நேரோ?" என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இராது. கண்ணுக்கு முன்னால் கிடப்பதைப் பாராமல் இவர்கள் மேலே போய் என்னதான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தீராத அதிசயம். என்னை ஒருதரம் ஏற்றுங்கள் என்று நான் கேட்டதில்லை. கூட்டுகிறவள் எங்கேயும் ஏறிக் கேட்பதில்லை.

வெளிக்குப் பக்கத்துக் காணி பூரணத்தின் காணி. மிளகாய்த் தோட்டம். அந்த ஊரில் மிளகாய் காயப் போட ஓடுபாதையைப் போல ஒரு இடம் கிடையாது. கல் இல்லை, புல் இல்லை, நிழல் விழ ஒரு மரமும் இல்லை. காலையில் போட்டால் பின்னேரம் கலகலவென்று சத்தம் கேட்கும். பூரணம் வேலியில் நாடியை வைத்துக்கொண்டு அந்தப் பாதையைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால், மாப்பிள்ளை பார்க்க வந்தவள் என்று நினைப்பீர்கள்.

"ஞாயிற்றுக்கிழமைதானேயடி பறக்கினம்? மற்ற நாளிலை உந்த வெயிலை ஏன் வீணாக்கிறாய்?"

"கப்டன் ஐயா ஒரு மிளகாய் விதை கிடந்தாலும் ஆர் போட்டதெண்டு கேப்பார்."

"ஏன், பிளேனுக்கு உறைக்குமோ?"

இப்படியே வருடங்கள் போயின. எத்தனை தடவை அவள் ஒரு பாயோடு உள்ளே வந்தாளோ அத்தனை தடவை நான் அவளைப் பாயோடு வெளியே அனுப்பினேன். ஆடுகள் என் குரலுக்குப் போயின, பூரணம் மட்டும் போகமாட்டாள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக் கனவான்கள் வரவில்லை. ஏன் என்று இந்த மலரை வாசிக்கிற ஒருவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருடம் வைகாசியில், வெளியை மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிளேன் அப்போது இங்கே இல்லை. அதற்குள் தனியே பறக்கத் தேறிவிட்ட பல்லு டொக்ரர், வருடாந்தச் சோதனைக்கு அதைத் தெற்கே கொண்டு போயிருந்தார். பிளேனை அங்கேயே விட்டுவிட்டு ரெயிலில் வரும்படி கப்டன் ஐயா தந்தி அடித்தார். டொக்ரர் திரும்பும் வழியில் சிநேகிதர் ஒருவரின் இடத்தில் இறங்கித் தங்கியிருந்தார். தந்தி அவரை எட்டிப் பிடிக்கவில்லை. அது எங்களுக்குத் தெரியாது.

மூடிய நாள் காலையில் கப்டன் ஐயா காற்றுப் பையை இறக்கி மடித்து என் கையில் தந்தார். "நீர் தைச்சது. நீரே வைச்சிரும்." பிறகு கயிறு பிடித்தார், நான் சுண்ணாம்பு ஊற்றினேன். இரண்டு முனையிலும் ஒவ்வொரு குறுக்கு. ஒவ்வொரு கையும் ஒரு தென்னை நீளம்.

"நேராய் வந்திருக்கோ ஐயா?"

"மேலை இருந்து பாத்தாத்தான் தெரியும்."

வேலியில் பூரணமும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். கப்டன் ஐயா அவர்களைப் பார்த்து, "இனி உங்கடை விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் சாமான் கட்டப் போனார்.

நான் வீட்டுக்குப் போய்க் காற்றுப் பையைப் பலாப்பழம் ஒன்றுக்குப் போட்டுவிட்டேன். அணில் கொறித்துக்கொண்டிருந்தது, அளவும் சரியாக இருந்தது. திரும்பி வந்து பார்க்கிறேன், ஓடுபாதை சிவந்துபோய்க் கிடக்கிறது! ஊர் முழுவதும் பாயோடு வந்து இறங்கிவிட்டது. இத்தனை வருடம் நான் காத்த பாதையில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பாய்க்குப் பாய் மிளகாய். நடுவில் பூரணம் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள், சீதனமாக எழுதி வாங்கியவளைப் போல.

மத்தியானம் சத்தம் கேட்டது. முதலில் நான் நம்பவில்லை. கப்டன் ஐயா கொட்டகையிலிருந்து வெளியே வந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். மஞ்சள் பிளேன்.

"தந்தி போய்ச் சேரேல்லை" என்றார். "வழியிலை எண்ணெய் அடிக்கேல்லையெண்டா அரை மணித்தியாலத்துக்கும் காணாது."

"பலாலியிலை போய் இறங்கட்டுமே ஐயா?"

"ரேடியோ இல்லாத பிளேன். இந்த நேரத்திலை சொல்லாமல் ஆமி நிக்கிற இடத்துக்குப் போனா..."

அவர் முடிக்கவில்லை. அந்த நாட்களில் அப்படியான வசனங்களை ஒருவரும் முடிப்பதில்லை.

அவர் பாதையின் கரைக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டி, இறங்கு, இறங்கு என்று காட்டினார். அந்த மனிதர் ஓடி நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிளேன் தாழ வந்தது, குறுக்கைக் கண்டது, திரும்ப ஏறியது. மறுபடியும் வந்தது, மறுபடியும் ஏறியது. மேலே இருந்தவருக்குக் கீழே கூப்பிடுவது யார் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். நான் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது என்றல்லவா பாடம்! அவருக்கு இவ்வளவு நல்ல மாணவன் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கப்டன் ஐயா தொப்பியைக் கழற்றினார்.

நான் குரல் கொடுத்துக்கொண்டு மிளகாய்க்குள் ஓடினேன். "எடுங்கோ, எடுங்கோ! பாயளை எடுங்கோ!"

பூரணம் அசையவில்லை. "காலமைதான் உங்கடை ஐயா எங்கடை விருப்பம் எண்டவர். மத்தியானத்துக்குள்ளை விருப்பம் மாறிப்போச்சோ?"

"அண்ணாந்து பாரடி. மேலை பல்லு டொக்ரர் நிக்கிறார்."

"உவனோ? என்ரை நல்ல பல்லைப் பிடுங்கினவன்!"

"அப்ப அவர் உயிரோடை கீழை வந்தாத்தானே நீ கேக்கலாம்?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. எழும்பினாள். ஆனால் மிளகாயை மண்ணில் கொட்ட மனம் வரவில்லை. பாயை மிளகாயோடு சேர்த்து இழுத்து இழுத்துப் பாதையின் முனைக்குக் கொண்டு போய், எங்கே விடுவது என்று தெரியாமல் குறுக்கின் ஒரு கைக்கு மேலேயே விட்டாள்.

"எடியே, சுண்ணாம்பு இன்னும் காயேல்லை! எடு அதை!" என்று நான் கத்தினேன்.

"எடுக்கவேண்டாம்!" என்று கப்டன் ஐயா கத்தினார். அவர் சத்தம் போட்டுக் கேட்டதும் எனக்கு அதுதான் முதல் தடவை. தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது, ஆனால் அவர் அதற்குள்ளே பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கில் ஒரு கை இல்லாமல் போயிருந்தது. வைகாசி வெயிலில் வெளிறிப்போன தரையும் பனையோலைப் பாயும் ஒரே நிறம். மேலேயிருந்து பார்த்தால் எது தரை, எது பாய் என்று தெரியாது.

தொப்பியைத் தலையில் வைத்தார்.

"எல்லாப் பாயும் குறுக்குக்கு மேலை வரவேணும். இரண்டு முனையிலையும். வெள்ளை ஒரு சாணும் தெரியக் கூடாது. சிவப்பும் தெரியக் கூடாது. மிளகாயைக் கொட்டுங்கோ!"

மிளகாயை மண்ணில் கொட்டுவதென்றால் என்ன என்று தோட்டக்காரருக்குத்தான் தெரியும். ஒரு போகத்து வேலை, ஒரு போகத்துத் தண்ணீர் இறைப்பு. எல்லோரும் பூரணத்தைப் பார்த்தார்கள். பூரணம் அண்ணாந்து பார்த்தாள். பிளேன் மறுபடியும் தாழ வந்து, இரண்டு பக்கமும் ஆடி, ஏறிப் போயிற்று. என்ன செய்வது என்று தெரியாமல் தலையை ஆட்டும் மாடு மாதிரி இருந்தது.

"பல்லைப் பிடுங்கினதுமல்லாமல் மிளகாயையும் கொட்ட வைக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

பிறகு நான் கண்டதெல்லாம் ஓடும் பாய்கள்தான். பெண்கள் பாய்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இரண்டு முனைக்கும் ஓடினார்கள். விரித்தோம். மண்கட்டி வைத்தோம். மிளகாயைக் கூட்டிக் கரையில் குவித்தோம். பத்து வருடம் அந்தப் பாதையைக் கூட்டிய கைக்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது.

"காத்துப் பை எங்கை? கெதியாக் கொண்டு வாரும்!"

"அது... பலாப்பழத்திலை கிடக்கு ஐயா."

ஒரு பார்வை பார்த்தார். தொப்பிக்குக் கை போயிற்று, ஆனால் நேரம் இல்லை. "அப்ப புகை போடும்!"

காற்றுப் பை இல்லாத நேரத்தில் புகை. அதுவும் அவர் பழக்கியதுதான். காவோலையை இழுத்துப் போட்டுக் கரையில் நெருப்பு வைத்தேன். புகை எழும்பி, சோளகம் அன்றைக்கு எவ்வளவு என்று நன்றாகவே காட்டியது. காட்டியதோடு நில்லாமல், எரிகிற ஓலை ஒன்றைத் தூக்கிக் கொண்டு போய் மிளகாய்க் குவியலின் மேல் போட்டது.

வாசிக்கிறவர்கள் வீட்டில் ஒரு செத்தல் மிளகாய் கருகினால் என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு ஊரின் மிளகாய் கருகினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஊரே தும்மியது. கண் திறக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தும்மலுக்கும் தும்மலுக்கும் இடையில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தேன். பிளேன் காற்றுக்கு முகம் கொடுத்து, முனைப் பாய்களுக்கு மேலாக வந்து, பாதையில் சக்கரத்தை வைத்தது. ஒரு துள்ளல். பிறகு ஓடி ஓடி, மற்ற முனைப் பாய்க்கு முன்னே நின்றது.

டொக்ரர் இறங்கியதும் முதலில் செய்தது தும்மல்.

கப்டன் ஐயா நேரே அவரிடம் போனார். "நான் இவ்வளவு கை காட்டினன். ஏன் இறங்கேல்லை?"

"நீங்கள்தானே ஐயா கூப்பிட்டாலும் இறங்கக் கூடாதெண்டனீங்கள்? பேந்து பாத்தாக் குறுக்கைக் காணேல்லை. வெயிலிலை எனக்குக் கண் பூத்திட்டுதெண்டு நினைச்சன்."

கப்டன் ஐயா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "மிளகாய்ப் புகை" என்றார். நல்ல சாட்டு. எங்கள் எல்லோருக்கும் அதே சாட்டு இருந்தது.

நான் டொக்ரரைத் தனியே பிடித்தேன். மூடாத குறுக்கை மேலேயிருந்து பார்த்த ஒரே மனிதர் அவர். "தம்பி, குறுக்கு நேராய் இருந்ததோ?"

"அக்கா, உயிர் போற நேரத்திலை அது நேரோ கோணலோ எண்டு ஆர் பாத்தது?"

அவரும் பார்க்கவில்லை!

பிளேன் மறுநாள் காலையில் தெற்கே போய்விட வேண்டும், பீப்பாவில் மிச்சம் கிடந்த எண்ணெயில் அது முடியும் என்று கப்டன் ஐயா சொன்னார். புகைக்குள்ளால் வந்த இயந்திரம் என்பதால், போவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து இறங்கவேண்டும், அதுவரை பாய்களை எடுக்கக் கூடாது. பிறகு பூரணத்தைக் கூப்பிட்டார். எரிந்ததில் பெரும்பங்கு அவளுடைய குவியல்தான்.

"உம்மடை மிளகாய்க்கு நான் என்ன தரவேணும்?"

"காசு வேண்டாம்" என்றாள் பூரணம். "உதிலை என்னை ஒருக்கா ஏத்தி இறக்குங்கோ."

எனக்குத் தும்மல் நின்றுவிட்டது. கப்டன் ஐயா தொப்பிக்குள்ளே பார்த்தார், தலையில் வைத்தார், "சரி" என்றார். பிறகு அவர் கண் என் பக்கம் திரும்பியது.

"தெய்வானை, இவ்வளவு காலத்திலை நீர் ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"நீங்களும் ஒருநாளும் கேக்கேல்லையே ஐயா."

தெற்கே போவதற்கு வேண்டியது போக எண்ணெய் ஒரு சுற்றுக்குத்தான் இருந்தது. சொன்ன சொல்லை அவர் மாற்றுகிறவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் பூரணம் கூறைச்சேலை உடுத்துக்கொண்டு வந்தாள். தலை நிறையப் பூ. நான் அவள் காதில் சொன்னேன்: "குறுக்கு உன்ரை பாய்க்குக் கீழை கிடக்கு, அது தெரியாது. கல்லு வரிசையை மட்டும் பார். நேரோ கோணலோ எண்டு பாத்து வந்து சொல்லு. மறந்திடாதை."

"என்னைப் பாக்கச் சொல்லுறாய், நான் பாக்காமல் விடுவனோ?" என்று டொக்ரரோடு ஏறினாள்.

போனார்கள், சுற்றினார்கள், வந்தார்கள். பூரணம் இறங்கி நின்ற நிலை, கைலாயம் போய் வந்தவளைப் போல இருந்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயோ, என்னத்தைச் சொல்ல! கடல் தெரிஞ்சுது, கோவில் தெரிஞ்சுது, உங்கடை கிணறு தெரிஞ்சுது" என்று அளந்தாள். என் வரிசையைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுதடி" என்று கையை வீசினாள்.

டொக்ரர் என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மூடின கண்ணை அவ திறக்கவேயில்லை. என்ரை கையைப் பிடிச்சபடி தேவாரம்தான் பாடினவ."

பிளேன் போய்விட்டது. கப்டன் ஐயாவும் நானும் பாய்களைச் சுருட்டினோம். குறுக்குகள் மறுபடியும் வெளியே வந்தன, ஓரங்களில் பாய்ப் பின்னலின் அச்சு விழுந்திருந்தது. இப்படியாக எங்கள் வெளியை இரண்டு தரம் மூடினோம். அவர் தன் தொப்பியை என்னிடம் தந்து, வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார், போனார். அவர் போன பிறகு நான் தொப்பிக்குள்ளே பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகு பதினொரு வருடம் பூரணம் அந்தப் பாதையில் மிளகாய் காயப் போட்டாள், அந்தப் பறப்பைப் பற்றியும் கதைத்தாள். எனக்கு உண்மை தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒருநாளும் காட்டிக் கொடுக்கவில்லை. என் வாயை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நல்லவளாக இருந்ததனால் அல்ல. அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைப் பார்த்தாள். அடுத்த தடவை என்ன பார்க்கப் போகிறாள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது.

தொண்ணூற்றைந்தில் சண்டை ஊரை நெருங்க, எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமரத்தின் கீழே எங்கள் ஊர்ச் சனம் இருந்தது. மழை விட்டிருந்தது. பிள்ளைகள் அழுது களைத்துவிட்டார்கள். பெரியவர்கள் பேச ஒன்றும் இல்லாமல் மடியில் கிடந்த, பூட்டிய வீட்டின் திறப்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பூரணம் ஒரு மூட்டையின் மேல் ஏறி இருந்தாள்.

"நான் மேலை இருந்து பாத்தனான்" என்று தொடங்கினாள்.

ஒருவர் கேட்டார், "எங்கடை வீடு தெரிஞ்சதோ அக்கா?"

"தெரியாமல்? உங்கடை முத்தத்திலை சிவப்புச் சேலை ஒண்டு காஞ்சுகொண்டு கிடந்தது."

"எங்கடை?"

"உங்கடை கிணத்தடியிலை வாழை குலை தள்ளியிருந்தது. கன்று ஒண்டு கட்டிக் கிடந்தது."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவர் வீட்டையும் அவள் பார்த்திருந்தாள். ஓட்டில் காய்ந்த வடகத்தைப் பார்த்திருந்தாள், படலையில் நின்ற நாயைப் பார்த்திருந்தாள். சிரிக்க மறந்திருந்த சனம் சிரித்தது. ஒரு மனிதர் தன் வீட்டைப் பற்றி இரண்டு தரம் சொல்ல வைத்தார்.

என் முறை வந்தது. என்ன வேண்டுமென்றாலும் கேட்டிருக்கலாம்.

"பூரணம், நாங்கள் போட்ட குறுக்கு? அது எப்பிடியடி இருந்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். குறுக்கு அன்றைக்கு அவளுடைய பாய்க்குக் கீழேதான் கிடந்தது. அதற்கு மண்கட்டி வைத்தவளும் அவளேதான்.

"நூல் பிடிச்ச மாதிரியடி" என்றாள். "நேர்."

எனக்கு அது போதுமாக இருந்தது.